முதலாம் லயம் கீழே இருக்கிறது

டொறீனுக்கு எந்தக் காரியத்தையும் படமாகப் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஒப்பும். எல்கடுவையில் பஸ் திரும்பி நிற்கிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் மேலே ஏறினால் வரும் தோட்டம் ஒன்றில், பிள்ளைக் காம்பராவை இருபத்தாறு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் துடைக்கிற துவாய்கள் தொங்குகிற ஆணிகளுக்கு மேலே பெயர் எழுதியிருக்காது. ஒன்றுக்கு மேலே குடை, ஒன்றுக்கு மேலே முயல், ஒன்றுக்கு மேலே பலாப்பழம். கோப்பையிலும் அதே படம், பாயிலும் அதே படம். இரண்டு வயதுப் பிள்ளை தானே தள்ளாடிப் போய்த் தன் துவாயை இழுத்துக்கொண்டு வரும்.

கொழும்பிலிருந்து பார்க்க வந்த அதிகாரி அம்மா ஒருத்தர் வியந்துபோய், "இது எந்த ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல மேடம். பேரச் சொன்னா புள்ள முழிக்குது, படத்தக் காட்டினா எந்திரிச்சுப் போகுது" என்றாள் டொறீன்.

அவள் பிறந்ததும் அதே தோட்டம்தான். சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணக்கில் கோட்டை விட்டவள், பின்னத்தை ரொட்டித் துண்டுகளாக வரைந்து வரைந்து இரண்டாம் தடவை எழுதித் தேறினாள். அன்றிலிருந்து அவளுக்குத் தன் கண்ணின்மேல் ஒரு நம்பிக்கை. யாரையும் கேட்டு நிற்கத் தேவையில்லை, ஒழுங்காக ஒரு படம் போட்டால் போதும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவளைக் காப்பாற்றிய நாட்கள்தான் அதிகம். ஒரே ஒரு முறைதான் கவிழ்த்தது.

அவள் புருஷன் மைக்கல் நேர் எதிர். அவருக்குக் காதுதான் எல்லாம். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. மெஷின்கள் இரைகிற சத்தத்தை வைத்தே எந்த ரோலருக்கு எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவார். தோட்டத்து அந்தோனியார் கோயிலுக்குக் கன்னியர் மடத்திலிருந்து பழைய கீபோர்ட் ஒன்று வந்தபோது, ஒரு வாரம் அதோடு கிடந்து, அடுத்த பூசைக்கு நாலு பாட்டு வாசித்தார். எதையும் பார்த்து வாசித்ததில்லை. பாட்டுக் குழு இழுத்து இழுத்துப் பாடுவதுதான் அவருக்குத் தீராத தலைவலி. குழுவின் தலைவி ஷியாமளாவைப் பார்த்து, "ஏன் புள்ள, ஆண்டவரு அவசரமா வந்துக்கிட்டிருக்காரு, நீங்க பாடி முடிக்கிறதுக்குள்ள திரும்பிப் போயிருவாரு" என்பார். ஷியாமளாவும் விடமாட்டாள். "நாங்க கொழுந்துக் கூடையோட நடக்கிற ஆளுங்கண்ணே, எங்க பாட்டும் அப்பிடித்தான் நடக்கும்" என்பாள்.

போன வருடம் மைக்கலுக்கு ஈரல் கெட்டுப்போனது. கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கீபோர்ட் இல்லாத இடத்தில் அவர் விரல்கள் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தன. பிறகு, என்றைக்கோ பியானோ நோட்ஸ் படிக்க ஆசைப்பட்டு ஒரு பாண்ட் வாத்தியக்காரரிடம் கேட்டு எழுதி வைத்திருந்த பழைய கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் அடிமட்டம் வைத்து ஐந்தைந்து கோடுகளாக இழுத்து, புள்ளி வைத்து, புள்ளிக்குக் கொம்பு வைத்து, ஒரு பக்கம் நிறைய எழுதினார்.

"என்னா இது?"

"வீட்டுக்கு வந்து வாசிச்சுக் காட்டுறேன். இப்ப வாயால சொன்னா கெட்டுப்போயிரும்."

வீட்டுக்கு வரவில்லை.

அந்தப் பக்கத்தில் பாட்டுக்கு வார்த்தை கிடையாது, தலைப்பும் கிடையாது. மேல் மூலையில் ஒரே ஒரு குறிப்பு: 'இழுக்க வேணாம்.' பாட்டுக் குழுவுக்குச் சொன்னது என்று நினைத்து டொறீன் சிரித்துக்கொண்டாள், கொஞ்சம் அழுதும்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் மைக்கலின் தம்பி ரொமேஷ் வந்தான். மாத்தளை டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவன், சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறவன். அண்ணனின் கொப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டு, "குடுங்க அண்ணி, ரெண்டு நிமிசத்துல வாசிச்சு ரெக்கோட் பண்ணி அனுப்பிடுறேன்" என்றான்.

டொறீன் கொப்பியை மடியில் வைத்து மூடிக்கொண்டாள். "உங்க அண்ணன் வாசிச்சுக் காட்டுறேன்னு சொன்னது எனக்கு. உனக்கில்ல."

"சரி, அவர் இல்லையே."

"அதனால நான் வாசிக்கிறேன். செப்டம்பர்ல அவருக்கு வருசப் பூசை. அன்னைக்குக் கோயில்ல நான் வாசிப்பேன். அதுக்கு முன்னால இந்தப் பாட்ட வேற ஒருத்தர் கை தொடக்கூடாது. நான்தான் முதல்ல கேக்கணும்."

"நாப்பத்தொம்பது வயசுல பியானோ நோட்ஸ் படிக்கப் போறீங்களா?"

"என் புள்ளைங்க ரெண்டு வயசுல துவாயக் கண்டுபுடிக்குதுங்க. நாப்பத்தொம்பதுல எனக்கு ஏழு எழுத்தக் கண்டுபுடிக்க முடியாதா?"

ரொமேஷ் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கொப்பியின் முதல் பக்கத்தில் மைக்கல் எழுதி வைத்திருந்தது மிகச் சுருக்கம். 'முதல் லைன் ஈ. இரண்டாவது ஜி. மூன்றாவது பி. நாலாவது டி. ஐந்தாவது எஃப்.' அதற்குக் கீழே, 'இடைவெளி நாலு: எஃப், ஏ, சி, ஈ. சேர்த்தால் ஃபேஸ்.' அவ்வளவுதான். படம் ஒன்றும் இல்லை. ஃபோனில் தேடிப் பார்த்தாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மழை பெய்கிற மாதிரிப் பேசினாள், நடுவில் சிக்னலும் போயிற்று. டொறீன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் வழக்கப்படி ஒரு படம் போடுவதென்று முடிவு செய்தாள்.

லைன் என்ற சொல்லை அவள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு லயம் என்றால் தாளத்தின் ஓட்டம். மலையில் பிறந்தவளுக்கு லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அவள் பிறந்து வளர்ந்த சரிவில் லயங்கள் சரியாக ஐந்து. மேலே ரோட்டோரம் முதலாம் லயம், அதற்குக் கீழே இரண்டாம் லயம், அப்படியே இறங்கி இறங்கி, ஆற்றுக்கு மேலே ஐந்தாம் லயம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே, கோயில். ஐந்து கோட்டைப் பார்த்ததுமே அவளுக்கு அந்தச் சரிவுதான் கண்ணில் எழுந்தது. இதைவிட லேசான படம் உலகத்தில் இருக்க முடியுமா என்று தோன்றியது.

மறுநாளே டவுனுக்குப் போய், முஸம்மில் நானாவின் ஃபேன்சிக் கடையில் ஒரு பெரிய பிரிஸ்டல் போர்டு அட்டையும், ஏழு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டும் கேட்டாள்.

"ஏழு கலரா? என்ன டீச்சர், தோட்டத்துல நாட்டியமா?" என்றார் நானா.

"பொட்டு எனக்கில்ல நானா, கீபோர்டுக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கலர். கட்டையில ஒண்ணு ஒட்டுவேன், படத்துல அதே கலர் ஒண்ணு ஒட்டுவேன். கண்ணு பார்க்கும், கை போகும்."

நானா பொட்டுப் பட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே கொப்பியை எட்டிப் பார்த்தார். "இத எங்கால தொடங்குற?"

"எதை?"

"இந்தக் கோட்ட. எங்கட மத்ரஸாவுல புள்ளகளுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்குறது எழுத்தில்ல டீச்சர், எந்தப் பக்கத்தால தொடங்குறண்டுதான். அது தெரியாட்டி எழுத்துத் தெரிஞ்சும் வேலை இல்ல."

"மேலருந்துதான் நானா. முதலாம் லைன் மேலதான இருக்கும்" என்றாள் டொறீன், இரண்டாம் யோசனை இல்லாமல்.

படம் அழகாக வந்தது. ஐந்து லயத்துக்கும் கூரையும் கதவும் புகைபோக்கியும் வரைந்தாள். முதலாம் லயத்துக்கு ஈ, அங்கே எலிசபெத் அக்கா வாசலில் நிற்கிறாள். இரண்டாம் லயத்துக்கு ஜி, அங்கே கிரேஸ். மூன்றில் பேபி, நாலில் டேவிட் மாமா, ஐந்தில் ஊன்றுகோலோடு பிரான்சிஸ் தாத்தா. எல்லாரும் நிஜமாகவே அந்த லயங்களில் இருந்த ஆட்கள். இடைவெளி நாலையும் சேர்த்து, ஓரமாக ஒரு பெண்ணின் முகம்: நெற்றி எஃப், கண் ஏ, மூக்கு சி, வாய் ஈ. உச்சியில் கோயில். கோயிலை ஆங்கிலத்தில் சேப்பல் என்பதால் அதற்கு சி. கடைசிக் கோட்டுக்கும் கீழே தனியாக ஒரு சின்னக் கோட்டில் சில புள்ளிகள் நின்றன. அங்கே ஆற்றை வரைந்து, எண்ணிப் பார்த்தாள். எஃப், ஜி, ஏ. ஆறு என்ற சொல்லுக்கும் ஏ எழுத்துக்கும் எவ்வளவு பொருத்தம்! எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தப்பான படங்களுக்கு இந்தக் குணம் உண்டு, சில நேரம் சரியான படங்களைவிட நன்றாகவே உட்காரும்.

படத்தைக் கோயிலில் கீபோர்டுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை தினமும் அங்கே உட்கார்ந்தாள். கொப்பியில் புள்ளி, சுவரில் ஆள், கட்டையில் பொட்டு. ஜூன் மாதத்தில் சுவரைப் பார்க்காமல் கொப்பியிலிருந்து நேரே கட்டைக்குப் போனாள். ஜூலையில் முதல் வரி முழுதாக வந்தது.

பாட்டு ஆற்றில் தொடங்கியது. ஆறு, பிறகு பிரான்சிஸ் தாத்தா, பிறகு டேவிட் மாமா. புள்ளிகள் கொப்பியில் மேலே ஏறின, சத்தம் கீழே இறங்கியது. ஒரு நாள் இது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு ஆற்றிலிருந்து லயத்துக்கு ஏறுகிற ஆளுக்கு மூச்சு இறங்கத்தானே செய்யும்?

அந்த இறக்கத்தில் ஒரு துக்கம் இருந்தது. மூன்று படி இறங்கி, தயங்கி, ஒரு படி ஏறி, மறுபடி இறங்குகிற துக்கம். டொறீன் கேட்டுக்கொண்டே வாசித்தாள், வாசித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மைக்கல் ஒரு வார்த்தைகூடத் தளர்ந்து பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரரைக் கேலி செய்துகொண்டும், நர்ஸ் பிள்ளைகளிடம் சிங்களத்தில் ஜோக் அடித்துக்கொண்டும்தான் கிடந்தார். அதெல்லாம் தன்னைத் தேற்றுவதற்காக நடித்தது, உள்ளே இருந்தது இதுதான் என்று அவள் எண்ணினாள். தனக்குத் தெரியாமல் அவர் இவ்வளவு அழுதிருக்கிறாரே, பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எண்ணினாள். அந்த எண்ணம் அவளை அரித்தது. சாவைவிட அதுதான் அரித்தது.

ஒரு மாலை ஷியாமளா கோயில் கூட்ட வந்து, விளக்குமாற்றைப் பிடித்தபடி வாசலில் நின்று கேட்டாள். ஐந்தாம் லயத்தில் டொறீனோடு ஒன்றாக வளர்ந்தவள் அவள்.

"இதுதான் அண்ணன் எழுதினதா?"

"ம்."

"இழுக்க வேணாம், இழுக்க வேணாம்னு எங்கள அந்தப் பாடு படுத்தின மனுசன், இப்பிடி இழுத்து எழுதி வச்சிருக்காரே?"

"சாகப் போறோம்னு தெரிஞ்சவருடி."

ஷியாமளா கூட்டிவிட்டுப் போனாள். ஆனால் வாசலில் திரும்பி, "நல்லாத்தான் இருக்கு. என் கடைசிப் பையன் தூங்காட்டி இதப் போட்டா தூங்கிருவான்" என்றாள்.

வருசப் பூசைக்கு இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது. கீபோர்டின் அடாப்டர் சூடாகிறது என்று டொறீன் சொல்லியிருந்ததால், ரொமேஷ் வேறொன்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தான். அவன் வெளியே செருப்பைக் கழற்றும்போது அவள் இரண்டாம் வரியில் இருந்தாள். அவன் உள்ளே வராமல் அங்கேயே நின்றான். பாட்டு முடிகிறவரை நின்றான்.

"அண்ணி, இது யாருடைய பாட்டு?"

"யாருடையதா? உங்க அண்ணனுடையதுதான். வேற யாருடையது?"

"எங்க அண்ணன் இப்பிடி அழுமூஞ்சிப் பாட்டு எழுதுற ஆளா? அவரு சாவு வீட்டுல வாசிச்சாலே பொணம் எந்திரிச்சு ஆடிருமே."

"உனக்கு என்ன தெரியும்? நீ எத்தன நாள் ஆஸ்பத்திரியில இருந்த?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ரொமேஷ் பக்கத்தில் வந்து கொப்பியைக் குனிந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் உதட்டைக் குவித்து விசிலடித்தான். மூன்றே சுரம். மூன்றும் ஒன்றுக்கு மேலே ஒன்று, படி ஏறுகிற மாதிரி ஏறின.

"நிப்பாட்டு!" என்று டொறீன் கத்தினாள். கையால் கொப்பியை மூடினாள். "நான்தான் முதல்லன்னு சொன்னேனா இல்லையா?"

அவன் விசிலை நிறுத்தினான். மூன்று சுரம் போதும். அவளுடைய மூன்று இறங்குகிறது, அவனுடைய மூன்று ஏறுகிறது. இரண்டில் ஒன்றுதான் மைக்கலுடையது.

ரொமேஷ் அப்போதுதான் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். எலிசபெத் அக்காவிலிருந்து பிரான்சிஸ் தாத்தா வரை, கோயிலிலிருந்து ஆறு வரை, நிதானமாகப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினான், முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குடா சிரிக்கிற?"

அவன் கண்ணைத் துடைத்தான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நான் வாசிக்க மாட்டேன், விசிலடிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த எஸ்டேட்ல முதலாம் லயம் கீழ இருக்கு."

"என்னா?"

"கீழருந்து மேல எண்ணணும். அடியில இருக்கிறதுதான் முதல் லைன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் நீங்க பார்த்துக்குவீங்க." அடாப்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேலி செய்யாமல், அவன் கிளம்பிவிட்டான்.

டொறீன் சுவரைப் பார்த்தாள். நாலு மாதம். நாலு மாதமாக ஒரு பாட்டைத் தலைகீழாக வாசித்து, அதைக் கேட்டு அழுது, புருஷன் மனசுக்குள் அழுதார் என்று ஒரு கதையையும் கட்டி நம்பியிருக்கிறாள். முஸம்மில் நானா கேட்ட கேள்வி இப்போது காதில் விழுந்தது. எங்கால தொடங்குற? மத்ரஸாவில் முதல் நாள் கேட்கிற கேள்வி. அதைத்தான் அவள் கேட்காமல் விட்டிருந்தாள். ரோடு மேலே இருக்கிற மலையில் பிறந்தவளுக்கு, முதலாவது கீழே இருக்கலாம் என்று எப்படித் தோன்றும்?

புதுப் படம் வரைய நேரமில்லை. எழுந்தாள். பிரிஸ்டல் போர்டைச் சுவரிலிருந்து பக்குவமாக உரித்து, அப்படியே தலைகீழாகத் திருப்பி ஒட்டினாள். இப்போது எலிசபெத் அக்கா அடியில் தலைகீழாக நின்றாள். கூரைகள் கீழ்நோக்கித் தொங்கின. ஆறு உச்சியில் ஓடியது. கோயில் எல்லாவற்றுக்கும் கீழே போயிற்று. முகத்தின் வாய் மேலேயும் நெற்றி கீழேயும் இருந்தது.

மறுநாள் ஷியாமளா பார்த்தாள். "என்னாடி, மண்சரிவா?"

"ஆமா. எனக்கு மட்டும்."

"டேவிட் மாமா பாவம்டி, கட்டின சாரமெல்லாம் அவுந்து விழப்போவுது."

"விழுந்தா விழட்டும். மனுசன் எழுத்த வாசிக்க எனக்கு அவரு வேணும்" என்றாள் டொறீன். இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் அவளுக்குத் தைரியம் திரும்பி வந்தது. படம் தப்பில்லை, தொங்கவிட்ட விதம்தான் தப்பு. பொட்டுகள் அதே பொட்டுகள், கட்டைகள் அதே கட்டைகள். கண்ணையும் கையையும் நாலு மாதம் பழக்கியது வீணாகவில்லை. ஒரு பிள்ளை சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரப் போட்டுக்கொண்டு வந்தால் அவள் சட்டையையா எறிவாள்? கழற்றித் திருப்பிப் போட்டுவிடுவாள்.

இருந்தாலும் விரல்கள் சண்டித்தனம் செய்தன. அவை ஆற்றுக்கே போகப் பார்த்தன. முதல் வாரம் அவள் முழுப் பாட்டையும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு சுரமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேண்டுமென்றே நேரம் விட்டு, பாட்டு எதுவென்று காதுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தாள். கேட்பதானால் முழுதாகக் கேட்க வேண்டும். அரைகுறையாகக் கேட்கக் கூடாது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, மழை விட்டு மலை வெளுத்திருந்த மாலையில், முழுதாக வாசித்தாள்.

பாட்டு கோயிலில் தொடங்கியது. ஆற்றில் நின்ற அந்தச் சின்னக் கோட்டுப் புள்ளிக்கு நேரே இப்போது சுவரில் இருந்தது கோயில்தான். கோயில், பிறகு எலிசபெத் அக்கா, பிறகு கிரேஸ். மூன்று எட்டில் மூன்று படி ஏறி, சும்மா ஒரு துள்ளுத் துள்ளி, ஒரு படி இறங்கி, மறுபடி ஏறியது. ஸ்டோரில் வேலை முடிந்து குறுக்குப் பாதையில் மைக்கல் வீட்டுக்கு ஏறி வருகிற நடை அது. கையில் டிஃபின் கெரியரை ஆட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்புக்கிழுத்துக்கொண்டு வருவாரே, அந்த நடை. டொறீன் நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கினாள். பாட்டு அதைப் பொருட்படுத்தவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிச் சுரம் போய் நின்றபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மனுசன் சாகக் கிடக்கும்போது கல்யாண ஊர்வலத்துக்குல்ல எழுதியிருக்காரு!"

கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அடித்த ஜோக்குகள் எல்லாம் நிஜமாகவே ஜோக்குகள்தான். அவர் நடிக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தபோது அவருக்கு உள்ளேயும் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் போகவில்லை. அதை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை, இழுக்காமல்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு கோயில் நிறைந்துவிட்டது. டவுனிலிருந்து சாமியார் வந்தார். ரொமேஷ் கடைசிப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூசை முழுவதும் பாட்டுக் குழு வழக்கம்போலக் கூடையோடு நடந்தது. முடிவில் சாமியார் ஆசீர்வாதம் கொடுத்ததும், டொறீன் கீபோர்டுக்குப் போய் உட்கார்ந்தாள். சுவரில் இன்னும் அந்தத் தலைகீழ் மலைதான். முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தாய்மாரிடம் அடி வாங்கின.

அவள் முதல் மூன்று சுரத்தையும் வாசித்தாள். முதல் வரி போயிற்று, இரண்டாம் வரி போயிற்று. வீட்டுக்குப் போக எழுந்தவர்கள் நடையில் நின்றுவிட்டார்கள். மூன்றாம் வரியில் ஒரு கட்டை தவறியது. கடைசிப் பெஞ்சில் ரொமேஷ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு ஓடினாள். பாட்டு திரும்ப முதலுக்கு வந்தபோது ஷியாமளா வார்த்தை எதுவும் இல்லாமல் ல ல என்று சேர்ந்துகொண்டாள். பாட்டுக் குழுவும் சேர்ந்துகொண்டது. அந்தக் கோயிலின் சரித்திரத்தில் முதல் தடவையாக யாரும் இழுக்கவில்லை. இழுக்க முடியாத பாட்டு அது. ஜனங்கள் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியபோது, வருசப் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை, திருநாள் முடிந்து போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள்.

"அண்ணி, மூணாவது வரியில..." என்று ரொமேஷ் ஆரம்பித்தான்.

"தெரியும். பேபி வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா டேவிட் மாமா வீட்டுக்குப் போயிட்டேன்."

"அத விடுங்க. இப்பவாவது நான் வாசிக்கலாமா?"

"இனி யார் வேணும்னாலும் வாசிக்கலாம்" என்று எழுந்து இடம் கொடுத்தாள்.

புதுப் படம் ஒன்று அடுத்த மாதம் சுவரில் ஏறியது. அதில் எல்லாரும் நேராக நிற்கிறார்கள். கோயில் அடியில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் பெரிய சிவப்பு அம்புக்குறி, 'இங்கிருந்து ஏறவும்' என்று. பாட்டுக் குழுவில் இரண்டு பெண்கள் இப்போது அதைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

பழைய தலைகீழ்ப் பாட்டு மட்டும் டொறீனின் விரலை விட்டுப் போகவில்லை, வாயை விட்டும் போகவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைக் காம்பராவில் பாய்களை விரித்து, குடையையும் முயலையும் பலாப்பழத்தையும் அதனதன் இடத்தில் படுக்க வைத்துவிட்டு, அவள் அதை முனகுவாள். மூன்று படி இறங்கி, தயங்கி, ஒரு படி ஏறி, மறுபடி இறங்கும். பிள்ளைகளின் கண்கள் அதோடு சேர்ந்து இறங்கும்.

ஒரு நாள் நேரத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்த ஷியாமளா, கூடையை வாசலில் வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

"இது அண்ணனோடதுன்னு நெனச்சுக்கிட்டு நீ வாசிச்சதுல்ல?"

"ம்."

"அப்ப இது யாரு எழுதினது?"

டொறீன் ஒரு பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள். "நான்தான்" என்றாள். "சத்தம் போடாத, இப்பத்தான் தூங்குதுங்க."